விசைப்பலகை ஒன்றுதான் வாசலா?

குன்றத்தூர் என்றவுடன் தமிழ் பயின்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுபவர் சேக்கிழார் பெருமான். பெரியபுராணம் தந்த அப்பெருந்தகை பிறந்த ஊர் இது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் காலத்துப் புலவர்களின் எழுதுகருவி எழுத்தாணி; எழுதிய இடம் பனையோலை. அதே குன்றத்தூரிலிருந்து இன்று விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் புறப்படுகின்றன. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று அவை விரைகின்றன. அவற்றில் ஏறிச் செல்லும் இளைஞரும் இளம்பெண்களும் பணியிடத்தில் எடுக்கும் எழுதுகருவியில் கூர்முனையும் இல்லை, மையும் இல்லை, எழுத்து பொறித்த விசைகளும் இல்லை. கைத்துப்பாக்கி போன்ற வடிவம். ஒரு சிவப்பு ஒளி. 'பீப்' என்று ஓர் ஓசை. அவ்வளவுதான். கணிப்பொறியின் திரையில் ஒரு வரி எழுதப்பட்டுவிடுகிறது.

விசைப்பலகையை யாரும் தொடவில்லை. ஆயினும் யாரோ தட்டச்சு செய்ததுபோலவே எழுத்துகள் வந்து விழுகின்றன. இது எவ்வாறு நிகழ்கிறது? கணிப்பொறி எப்படி ஏமாறுகிறது? இன்னும் ஒரு கேள்வியும் உண்டு. தொழிற்சாலைக்கு இவ்வளவு எளிதாகக் கிடைத்த இந்த வசதி, விசைப்பலகையைத் தொடவே இயலாத மாற்றுத்திறனாளி ஒருவருக்கும் கிடைக்குமா? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடர்முறை என்றால் என்ன?

கணிப்பொறி அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே குறிகள். இக்குறி ஒவ்வொன்றையும் 'பிட்' என்கிறோம். ஓர் ஆங்கில எழுத்தை உணர்த்த எட்டு பிட்டுகள் போதும். இந்த எட்டையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்ப இரு வழிகள் உண்டு. எட்டுக் கம்பிகளில் எட்டையும் ஒரே நேரத்தில் அனுப்புவது இணைமுறை. ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது தொடர்முறை.

கிருத்திகை நாளில் குன்றத்தூர் முருகன் கோயில் மலைப்படிகளை நினைத்துப் பாருங்கள். அகன்ற படிகளில் எட்டுப் பேர் தோளோடு தோள் சேர்ந்து ஏறினால் அது இணைமுறை. சந்நிதியை நெருங்கியதும் கம்பித் தடுப்புக்குள் ஒருவர் பின் ஒருவராகச் செல்கிறோமே, அது தொடர்முறை. முன்னதில் வேகம் உண்டு; பின்னதில் ஒழுங்கும் சிக்கனமும் உண்டு. நெடுந்தொலைவு அனுப்புவதற்குச் சிக்கனமே முதன்மையானது.

தொடர்முறைக்கு உலகெங்கும் வழங்கும் தரம் ஒன்று உண்டு. அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960-இல் வகுத்த 'ஆர்.எஸ்.-232' என்பதே அது. இதில் 0 என்பது 3 முதல் 15 வோல்ட் வரையிலான நேர் மின்னழுத்தம். 1 என்பது அதே அளவான எதிர் மின்னழுத்தம். பேசாதிருக்கும் நேரத்தில் கம்பி 1 என்னும் நிலையிலேயே இருக்கும். எழுத்து வரப்போகிறது என்று அறிவிக்க முதலில் ஒரு 0 வரும். இது தொடக்கக் குறி. அடுத்து எழுத்துக்குரிய எட்டு பிட்டுகள் வரும். இறுதியில் ஒரு 1, நிறுத்தக் குறி.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஆங்கிலப் பெரிய 'ஏ' எழுத்துக்கு ஆஸ்கி அட்டவணையில் எண் 65. அதாவது 64-உம் 1-உம் சேர்ந்தது. இரும எண்ணில் எழுதினால் 01000001. கம்பியில் செல்லும்போது கடைசி இலக்கமே முதலில் போகும். ஆகவே தொடக்கக் குறி, எட்டு பிட்டுகள், நிறுத்தக் குறி எல்லாம் சேர்த்து 0, 1, 0, 0, 0, 0, 0, 1, 0, 1 என்று பத்துக் குறிகள் செல்லும். நொடிக்கு 9600 குறிகள் என்பது வழக்கமான வேகம். அப்படியானால் நொடிக்கு 960 எழுத்துகள். எந்தத் தட்டச்சர் இவ்வேகத்தை எட்ட முடியும்?

மூத்த உறவினர்கள்

விசைப்பலகைக்குப் பதிலாகத் தொடர்முறைக் கருவி என்றால் ஏதோ புதுமை போலத் தோன்றும். உண்மையில் தொடர்முறைக் கருவிதான் மூத்தது.

நம் மாவட்டத்துக் காஞ்சிபுரம் தறிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுச் சேலையின் சரிகைக் கரையில் அன்னமும் மயிலும் வருவதற்குத் தறியின் மேல் துளையிட்ட அட்டைகள் கோத்துக் கட்டப்பட்டிருக்கும். 1804-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜக்கார்டு அமைத்த முறை இது. துளை இருந்தால் ஊசி நுழையும், இல்லையேல் தடுக்கப்படும். ஒவ்வோர் அட்டையும் ஓர் ஊடைக்கு உரியது. அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தறிக்குக் கட்டளை இடுகின்றன. விசைப்பலகை பிறப்பதற்கு முன்பே துளையின் வழியாகப் பொறிக்குச் செய்தி சொன்னவர்கள் நெசவாளர்கள்.

அடுத்த உறவினர் டெலிபிரிண்டர். தந்தி அலுவலகங்களிலும் செய்தித்தாள் அலுவலகங்களிலும் பல்லாண்டுகள் ஓயாது ஒலித்த பொறி அது. பிரெஞ்சுக்காரர் எமில் போடோ 1870-களில் வகுத்த ஐந்து பிட் குறிமுறையின் வழிவந்தது. தொடர்முறை வேகத்தை அளக்கும் 'பாட்' என்னும் அலகு அவர் பெயரால் வழங்குவதே. சென்னை கிண்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் இப்பொறிகளை இந்நாட்டிலேயே செய்து தந்தது.

திரையும் விசைப்பலகையும் பரவலாவதற்கு முன், கணிப்பொறியோடு பேச இந்த டெலிபிரிண்டர்களையே இணைத்தார்கள். 1963-இல் வந்த 'டெலிடைப் 33' என்னும் பொறி நொடிக்குப் பத்து எழுத்துகளை அனுப்பியது. அதன் நினைவு இன்றும் அழியவில்லை. லினக்ஸ் இயக்கமுறையில் கட்டளை இடும் முனையத்திற்கு 'டிடிஒய்' என்றே பெயர். டெலிடைப் என்பதன் சுருக்கம் அது. தந்திச் சேவை 2013 ஜூலையில் இந்தியாவில் விடைபெற்றுவிட்டது. தந்தியின் இலக்கணமோ ஒவ்வொரு கணிப்பொறிக்குள்ளும் வாழ்கிறது.

எழுத்து வேறு, விசை வேறு

ஒரு கருவியை விசைப்பலகையின் இடத்தில் அமர்த்துவதில் உள்ள உண்மையான சிக்கல் கம்பியில் இல்லை. விசைப்பலகையும் தொடர்முறையில்தான் பேசுகிறது. சிக்கல் மொழியில் இருக்கிறது.

தொடர்முறைக் கருவி எழுத்தை அனுப்புகிறது. 'ஏ' என்றால் 65. விசைப்பலகையோ எழுத்தை அனுப்புவதே இல்லை. எந்த விசை அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பதை மட்டுமே அனுப்புகிறது. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொணர்ந்த பி.எஸ்.-2 வகை விசைப்பலகையில் 'ஏ' விசையை அழுத்தினால் 28 என்ற எண் செல்லும். விரலை எடுத்தால் 240, 28 என்ற இரண்டு எண்கள் செல்லும். பெரிய எழுத்து வேண்டுமானால் ஷிப்ட் விசைக்குரிய 18 முதலில் சென்று, பிறகு 28, பிறகு 240, 28, இறுதியில் ஷிப்டை விட்டதற்காக 240, 18 என்று செல்ல வேண்டும். ஒரே எழுத்துக்கு ஆறு எண்கள்!

விசைப்பலகை அனுப்புவது விரலின் நடமாட்டம். அதனை எழுத்தாக்குவது கணிப்பொறிக்குள் இருக்கும் மென்பொருள். ஆகவே, மாற்றுக் கருவி விசைப்பலகையாக வேடமிட வேண்டுமானால், தன் எழுத்துகளை விரலின் நடமாட்டமாக மொழிபெயர்த்துத் தர யாரேனும் ஒருவர் நடுவில் வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர் எங்கே அமர்கிறார் என்பதைப் பொறுத்து மூன்று வழிகள் தோன்றின.

மூன்று வழிகள்

முதல் வழி, ஆப்பு. விசைப்பலகைக்கும் கணிப்பொறிக்கும் இடையே ஒரு சிறு பெட்டியைச் செருகுவார்கள். மரத்தைப் பிளக்கச் செருகும் ஆப்பைப் போல நடுவில் நுழைவதால் 'வெட்ஜ்' என்று பெயர் பெற்றது. விசைப்பலகை பேசும்போது அப்பெட்டி வாய் மூடியிருக்கும். ஸ்கேனர் படித்ததும் அதன் எழுத்துகளை விசை எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்கு ஊட்டும். கணிப்பொறியில் எந்த மென்பொருளும் சேர்க்க வேண்டியதில்லை.

இரண்டாம் வழி, மென்பொருள். கருவியை ஆர்.எஸ்.-232 வாயிலிலேயே இணைத்துவிட்டு, அங்கு வரும் எழுத்துகளை ஒரு மென்பொருள் வாங்கி விசை அழுத்தங்களாக மாற்றும். 'விண்டோஸ் 95' முதல் 'விண்டோஸ் எக்ஸ்பி' வரை 'சீரியல்கீஸ்' என்ற பெயரில் இவ்வசதி இயக்கமுறையிலேயே இருந்தது. பின்னர் வந்த பதிப்புகளில் அது கைவிடப்பட்டது. அது தொழிற்சாலைக்காக வந்ததன்று. விசைப்பலகையைப் பயன்படுத்த இயலாதவர்களுக்காகவே வந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரேஸ் மையம் வகுத்த ஒரு குறிமுறை அதற்கு அடிப்படை. சாதாரண எழுத்துகள் அப்படியே செல்லும். கண்ட்ரோல், ஆல்ட் போன்ற விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டுமானால் 'எஸ்கேப்' குறியை முன்னே வைத்து, 'இன்னின்ன விசைகளைச் சேர்த்து அழுத்துக' என்று சொல்லாலேயே கட்டளை அனுப்பலாம். சுட்டெலியையும் அவ்வாறே நகர்த்தலாம்.

மூன்றாம் வழி, யு.எஸ்.பி. 1996-இல் வந்த இத்தரத்தில் கருவி இணைக்கப்பட்டவுடன் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். 'நான் ஒரு விசைப்பலகை' என்று ஸ்கேனர் சொன்னால் கணிப்பொறி நம்பிவிடும். இன்று கடைகளிலும் நூலகங்களிலும் காணும் ஸ்கேனர்களில் மிகுதியானவை இவ்வகையே.

தொழிற்சாலையில் நடப்பது என்ன?

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. அதன் அண்டையில் டெய்ம்லர் சரக்குந்து ஆலையும், ராயல் என்பீல்டு ஆலையும் எழுந்தன. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை இயங்கியது. வாகனமாயினும் கைப்பேசியாயினும், இத்தகைய உற்பத்தியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. வாகனத்தின் அடையாள எண் 17 இடங்கள் கொண்டது. அதில் 'ஐ', 'ஓ', 'கியூ' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வாரா. 1, 0 என்ற இலக்கங்களோடு மயங்கிவிடும் என்பதே காரணம். கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணுக்கு 15 இலக்கங்கள்.

இந்த 17 குறிகளையும் ஒருவர் கையால் தட்டச்சு செய்வதாகக் கொள்வோம். ஒரு வண்டிக்குச் செய்யலாம். பத்து வண்டிக்குச் செய்யலாம். இரவுப் பணியில், கையுறை அணிந்த கையோடு, நூற்றுக்கணக்கில் செய்தால் பிழை வராமல் இராது. ஓர் இலக்கம் மாறினால் ஒரு வண்டியின் பிரேக் பற்றிய பதிவு வேறொரு வண்டியின் கணக்கில் சேரும். பின்னொரு நாள் பழுதான பாகத்தைத் திரும்ப அழைக்க நேரும்போது, அழைக்கப்பட வேண்டிய வண்டி சாலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஓர் எழுத்துப் பிழைக்கு ஓர் உயிர் விலையாகலாம்.

ஸ்கேனர் அதே 17 குறிகளையும் முடிவில் ஓர் 'என்டர்' குறியையும் சேர்த்து 18 எழுத்துகளை அனுப்புகிறது. எழுத்துக்குப் பத்துக் குறிகள் வீதம் 180 குறிகள். நொடிக்கு 9600 என்ற வேகத்தில் இதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு.

வேகத்தைவிடச் சிறப்பானது பிழை காணும் ஆற்றல். கடைப் பொருள்களில் காணும் 13 இலக்கப் பார்கோடில் கடைசி இலக்கம் ஒரு காவலர். இந்தியாவில் பதிவு பெற்ற எண்கள் 890 என்று தொடங்கும். பயிற்சிக்காக 890123456789 என்ற பன்னிரண்டு இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 8+0+2+4+6+8 = 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 9+1+3+5+7+9 = 34; இதனை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை அடைய எவ்வளவு வேண்டும்? 130 தானே பத்தின் மடங்கு. எனவே காவல் இலக்கம் 0. எந்த ஓர் இலக்கம் மாறினாலும் இக்கணக்கு பொருந்தாது. ஸ்கேனர் 'பீப்' ஒலிக்காமல் மறுத்துவிடும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். 1-உம் 6-உம் போல ஐந்து வேறுபாடுள்ள இலக்கங்கள் மாறினால் மட்டுமே தப்பும். 1974 ஜூன் 26-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டிராய் என்னும் ஊரின் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாகப் பார்கோடு வழியே விற்கப்பட்டது. அன்று தொட்டே இக்காவலர் பணியில் இருக்கிறார்.

யு.எஸ்.பி. இருக்கும்போது பழைய தொடர்முறைக் கம்பியைத் தொழிற்சாலைகள் ஏன் இன்னும் விட்டுவிடவில்லை என்று கேட்கலாம். காரணங்கள் உண்டு. விசைப்பலகையாக வேடமிடும் ஸ்கேனர், திரையில் எந்தப் பெட்டி திறந்திருக்கிறதோ அதில்தான் எழுதும். யாரேனும் வேறொரு பெட்டியைத் திறந்து வைத்திருந்தால் வண்டியின் எண் அங்கே போய் விழும். தொடர்முறை வாயிலிலோ, உரிய மென்பொருள் தனக்கெனக் காது கொடுத்துக் காத்திருக்கிறது. திரையில் எது திறந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மேலும், யு.எஸ்.பி. கம்பி சுமார் 5 மீட்டர் வரையே செல்லும், ஆர்.எஸ்.-232 சுமார் 15 மீட்டர் செல்லும். அதன் தம்பியான ஆர்.எஸ்.-485 சுமார் 1200 மீட்டர் வரை செல்லும். வெல்டிங் பொறிகளும் மோட்டார்களும் எழுப்பும் மின் இரைச்சலையும் அது தாங்கும். கம்பியில்லாக் கை ஸ்கேனர்கள் பலவும் புளூடூத் வழியே இதே தொடர்முறையில்தான் பேசுகின்றன.

நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. விரலின் வேலையைக் குறைத்த அதே கருவி, ஒவ்வொரு 'பீப்' ஒலிக்கும் மணி, நிமிடம், நொடியைப் பதிந்துகொள்கிறது. எந்த ஊழியர் எத்தனை நொடியில் எத்தனை முடித்தார் என்பது மேலதிகாரியின் திரையில் தெரியும். பிழையைத் தடுக்க வந்த கருவி மனிதரை விரட்டும் சாட்டையாகிவிடலாகாது. இதனைக் கருவி முடிவு செய்வதில்லை. அதை அமர்த்துவோர் முடிவு செய்கிறார்கள்.

தமிழ் விசைப்பலகையில் ஒரு வேடிக்கை

விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, விசையை மட்டுமே அனுப்புகிறது என்று கண்டோம். இதனால் தமிழில் ஒரு வேடிக்கை நிகழ்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி 'தமிழ்99' விசைப்பலகை முறை தரப்படுத்தப்பட்டது. இதில் ஆங்கில 'எச்' விசையில் 'க', 'கே' விசையில் 'ம', 'என்' விசையில் 'ல' அமைந்துள்ளன. கணிப்பொறி தமிழ்99 நிலையில் இருக்கும்போது, யு.எஸ்.பி. ஸ்கேனர் சிறிய எழுத்தில் 'எச், கே, என்' என்று தொடங்கும் நூலகக் குறியீடு ஒன்றைப் படித்தால், திரையில் 'கமல' என்று வரும்! ஸ்கேனரும் பழுதில்லை; கணிப்பொறியும் பழுதில்லை. விரல் எந்த விசையைத் தொட்டது என்று ஸ்கேனர் நடித்தது. அந்த விசைக்குத் தமிழில் உரிய எழுத்தைக் கணிப்பொறி இட்டது. படிக்கும்முன் விசைப்பலகையை ஆங்கில நிலைக்கு மாற்றுவது ஒரு தீர்வு. தொடர்முறை வாயிலில் எழுத்தாகவே வாங்கிக்கொள்வது நிலையான தீர்வு.

ஒற்றைப் பொத்தானும் ஒரு மொழியும்

இனி இக்கட்டுரையின் உயிர்ப்பகுதிக்கு வருவோம். விசைப்பலகையில் நூறு விசைகள் இருக்கின்றன. ஒரு விரலை மட்டுமே அசைக்கக் கூடியவருக்கு, அல்லது தலையை மட்டுமே சாய்க்கக் கூடியவருக்கு அவற்றில் எத்தனை விசைகள் எட்டும்?

மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்கு அறிவில் எந்தக் குறையும் இராது. கையும் நாவும் மட்டும் சொன்னபடி கேளாது. பேசவும் எழுதவும் இயலாதவர் சிந்திக்கவும் இயலாதவர் என்று உலகம் முடிவு கட்டிவிடுகிறது. இதைவிடக் கொடுமை வேறு இல்லை.

இவர்களுக்கு ஒற்றைப் பொத்தான் போதும். முறை எளியது. திரையில் எழுத்துகள் கட்டங்களாக இருக்கும். ஓர் ஒளி ஒவ்வொரு கட்டமாக நகரும். வேண்டிய எழுத்தில் ஒளி வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அதுவே எழுத்து. பொத்தான் கையில் இருக்கலாம், கன்னத்தருகே இருக்கலாம், காலடியில் இருக்கலாம்.

தமிழுக்கு இதனை அமைத்துப் பார்ப்போம். உயிர் 12, மெய் வரிசை 18, ஆய்தம் 1, ஆக 31. இவற்றோடு புள்ளி, இடைவெளி, முற்றுப்புள்ளி, அழித்தல், பேசு என்று ஐந்து கட்டளைகள். மொத்தம் 36, ஆறுக்கு ஆறு கட்டங்களாக அழகாக அமையும். 247 எழுத்துகளும் தேவையில்லை. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தேர்ந்தால் உயிர்மெய் தானே பிறக்கும். தொல்காப்பியர் காலத்து இலக்கணமே இங்குக் கணிப்பொறி இலக்கணம்!

ஒளி ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நொடி நிற்பதாகக் கொள்வோம். 36 கட்டங்களையும் ஒன்றொன்றாகக் கடந்தால் ஓர் எழுத்துக்குச் சராசரி பதினெட்டரை நொடி. முதலில் வரிசையைத் தேர்ந்து, பிறகு அவ்வரிசைக்குள் கட்டத்தைத் தேர்ந்தால், வரிசைக்கு மூன்றரை, கட்டத்திற்கு மூன்றரை, ஆக ஏழு நொடி. 'அம்மா' என்று எழுத அ, ம, புள்ளி, ம, ஆ என ஐந்து தேர்வுகள். முதல் முறையில் ஒன்றரை நிமிடம். இரண்டாம் முறையில் 35 நொடி. தமிழ்99 முறையில் ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலதற்குப் புள்ளி தானே அமையும் என்ற விதி உண்டு. அதனையும் சேர்த்தால் நான்கே தேர்வுகள், 28 நொடி. அடிக்கடி வரும் எழுத்துகளை முன்வரிசைகளில் வைத்தால் இன்னும் குறையும். அடுத்த சொல்லை ஊகித்துக் காட்டும் மென்பொருள் இருந்தால் மேலும் குறையும். எழுத்தின் வரிசையைச் சிந்தித்து மாற்றுவதே ஒருவரின் பேச்சை மூன்று மடங்கு விரைவாக்குகிறது. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. தமிழறிவும் சற்றே கணக்கறிவும் தேவை.

அறிவியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985-இல் அறுவைச் சிகிச்சையால் பேச்சை இழந்த பின்னர், 2018-இல் மறையும் வரை, முதலில் கையிலிருந்த ஒரு பொத்தானாலும் பின்னர் கன்னத்தசையின் அசைவாலும் உலகோடு பேசினார். மும்பையின் மாலினி சிப், ஒற்றை விரலால் தட்டச்சு செய்தே தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி 2010-இல் வெளியிட்டார். மோர்ஸ் தந்திக் குறிகளும் இவ்வகையில் மறுபிறவி எடுத்துள்ளன. 2018-இல் கூகுள் நிறுவனம் தன் கைப்பேசி விசைப்பலகையில் மோர்ஸ் முறையைச் சேர்த்தது. புள்ளி, கோடு என்ற இரண்டே பொத்தான்களில் ஒருவர் முழு விசைப்பலகையையும் ஆளலாம்.

நம் சென்னையும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1985-இல் தோன்றிய வித்யாசாகர் நிறுவனம் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் கல்விக்கும் பேச்சுக்கும் பல்லாண்டுகளாக உழைத்து வருகிறது. ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன் அந்நிறுவனத்தாரோடு சேர்ந்து பணியாற்றி, 'ஆவாஸ்' என்னும் பேச்சுக் கருவியைச் சென்னையிலேயே உருவாக்கினார். அதற்காக 2011-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப இதழ் அவரை உலகின் சிறந்த இளம் கண்டுபிடிப்பாளர்களுள் ஒருவராகத் தேர்ந்தது. முட்டுக்காட்டில் 2005-இல் அமைந்த பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் நமக்கு அருகிலேயே இருக்கிறது.

சட்டமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு நெறிமுறைகள், இயன்றவரை அவர்கள் விரும்பும் முறையில், கணிப்பொறி வழியாகவும் தேர்வு எழுத வாய்ப்பளிக்க வேண்டும் என்றன. பதிலி எழுத்தர் நல்லவராக இருக்கலாம். ஆனால், அவர் எழுதுவது கேட்டதையே. தானே எழுதிய விடையில் தன் நடை இருக்கும், தன் பெருமிதம் இருக்கும். இடம் கிடைத்தும் எழுதக் கருவி இல்லையென்றால் அந்த இடத்தால் என்ன பயன்?

ஓர் எச்சரிக்கை

யார் வந்து 'நான் விசைப்பலகை' என்றாலும் கணிப்பொறி நம்பிவிடுகிறது என்றோம். இந்த வெள்ளை மனம் தீயோருக்கும் வழி திறக்கிறது. பென் டிரைவ் போலத் தோற்றமளித்து, செருகியவுடன் விசைப்பலகையாக மாறித் தானே கட்டளைகளைத் தட்டிவிடும் கருவிகள் உள்ளன. 2014-இல் ஆய்வாளர்கள் இந்த ஆபத்தை வெளிப்படையாக நிறுவிக் காட்டினர். ஆகவே, வழியில் கிடந்த எதையும் கல்லூரிக் கணிப்பொறியில் செருகலாகாது.

நாம் செய்யக்கூடியது

இத்தனையும் படித்த பின்னர், இது பெரிய நிறுவனங்களின் வேலை என்று ஒதுங்கிவிட வேண்டாம். 2012 முதல் கிடைத்துவரும் 'ஆர்டுயினோ லியனார்டோ' என்னும் சிறு மின்பலகை, யு.எஸ்.பி. வழியே தன்னை விசைப்பலகையாக அறிவித்துக்கொள்ளும் திறன் உடையது. அதனோடு ஒரு பெரிய பொத்தானை இணைத்து, அழுத்தினால் 'என்டர்' விசை என்று நான்கைந்து வரிகளில் நிரல் எழுதிவிடலாம். இயற்பியல் மாணவர் மின்சுற்றை அமைக்கலாம். கணிதம் பயில்வோர் எழுத்துகளின் அடுக்கு வரிசையைக் கணக்கிடலாம். தமிழ் இலக்கியம் பயில்வோர் எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்று எண்ணித் தரலாம். மூன்று துறையினரும் ஒரு மேசையில் அமர்ந்தால் ஒரு மாணவருக்குக் குரல் கிடைக்கும். அமைக்கும் முன்னர், அதனைப் பயன்படுத்தப் போகிறவரிடம் எந்த அசைவு எளிது, எவ்வளவு நேரத்தில் களைப்பு வரும் என்று கேட்டறிவது முதற்கடமை. அவரே இங்கு ஆசிரியர்.

ஒரகடத்தில் ஒரு வண்டியின் எண் பிழையின்றிப் பதிவாக வேண்டும் என்பதற்காக எத்தனையோ கருவிகள் வாங்கப்படுகின்றன. அது வேண்டியதே. ஒரு மனிதரின் சொல் பிழையின்றி வெளிவர வேண்டும் என்பதற்கும் அதே அக்கறை வேண்டும். இரண்டுக்கும் அறிவியல் ஒன்றே, கம்பியும் ஒன்றே, குறிமுறையும் ஒன்றே. மாறுவது நம் மனம் மட்டுமே.

எழுத்தாணியைப் பிடித்தவரும் எழுத்தாளர். விசையைத் தட்டியவரும் எழுத்தாளர். கன்னத்தின் ஓர் அசைவால் 'அம்மா' என்று திரையில் எழுதுபவரும் எழுத்தாளரே. கணிப்பொறிக்கு எத்தனை வாசல்கள் வேண்டுமானாலும் வைக்கலாம். அவற்றைத் திறந்து வைப்பது கல்வி பெற்ற நம் அனைவரின் கடமையாகும்.